மையம் எங்கே என்று முதலில் பாருங்கள்: உருப்பெருக்கமும் அளவுக் காரணியும்

உயர்நிலை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சித்தாளில் இப்படி ஒரு கணக்கு வரும். அ(2, 1), ஆ(6, 1), இ(2, 4) ஆகிய முனைகளைக் கொண்ட முக்கோணத்தை, (1, 0) என்ற புள்ளியை மையமாக வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்குக. பெரும்பாலான பிள்ளைகள் எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கி (4, 2), (12, 2), (4, 8) என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். வரைந்து பார்த்தாலும் சந்தேகம் வராது. முக்கோணம் இரண்டு மடங்காகத்தான் இருக்கும், வடிவமும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். ஆனாலும் விடை தவறு. சரியான விடை (3, 2), (11, 2), (3, 8). முக்கோணம் ஒரு கட்டம் வலப்பக்கமாகத் தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த ஒரு கட்டம் ஏன் தள்ளிப் போனது என்பது விளங்கிவிட்டால் இந்தப் பாடத்தில் முக்கால்வாசி விளங்கிவிடும். துணைப்பாட வகுப்பில் இதை நடத்தும்போது நான் முதலில் சூத்திரம் எழுதுவதில்லை. மையத்தில் விரலை வைக்கச் சொல்வேன். அங்கிருந்துதான் எல்லா அளவும் தொடங்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சிங்கப்பூர்ப் பள்ளிப் புத்தகங்களில் இதை என்லார்ஜ்மென்ட் என்பார்கள். பிள்ளைகள் பார்க்கும் அமெரிக்கக் காணொளிகளில் டைலேஷன் என்று வரும். இரண்டும் ஒன்றே. இந்தக் கட்டுரையில் உருப்பெருக்கம் என்று எழுதுகிறேன். உருவம் சிறுத்துப் போனாலும் கணக்கில் அதே பெயர்தான்.

கையில் இருக்க வேண்டியவை

கிராஃப் தாள், கூரான பென்சில், அளவுகோல். ஜியோஜெப்ரா போன்ற செயலிகள் நல்லவைதாம்; காரணியை இழுத்து இழுத்து முக்கோணம் வளர்வதைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் முதல் சில கணக்குகளைக் கையால் போடுவதே நல்லது. திரையில் மையம் எங்கே இருக்கிறது என்பதைச் செயலி பார்த்துக்கொள்கிறது. தாளில் நாம்தான் பார்க்க வேண்டும்.

கணக்கைப் படித்ததும் மூன்று கேள்விகள்: எந்த உருவம்? எது மையம்? காரணி எவ்வளவு? இந்த மூன்றில் மையத்தைத்தான் பிள்ளைகள் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அதன் கீழ் கோடிடச் சொல்லுங்கள்.

உண்மையில் நடப்பது என்ன

இருட்டறையில் கைவிளக்கின் சிறு பல்பு ஒரு புள்ளி. அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சுவருக்கு இணையாக ஓர் அட்டை முக்கோணத்தைப் பிடிக்கிறீர்கள். சுவர் பல்பிலிருந்து மூன்று மீட்டர். சுவரில் விழும் நிழல் மூன்று மடங்கு பெரியது. அட்டையின் ஒவ்வொரு முனையிலிருந்தும் நிழலின் அதற்குரிய முனைக்குக் கோடு இழுத்துப் பின்னோக்கி நீட்டினால் எல்லாக் கோடுகளும் பல்பில் போய்ச் சேரும். பல்புதான் மையம். மூன்று என்பது அளவுக் காரணி.

தாளிலும் இதே கதைதான். மையத்திலிருந்து ஒரு முனைக்குக் கோடு இழுங்கள். அந்தத் தூரத்தைக் காரணியால் பெருக்குங்கள். அதே கோட்டில், மையத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் புதிய முனையைக் குறியுங்கள். எல்லா முனைகளுக்கும் இதைச் செய்து, புள்ளிகளைச் சேர்த்துவிட்டால் பிம்பம், அதாவது புதிய உருவம், கிடைத்துவிடும். தூரம் உருவத்தின் பழைய முனையிலிருந்து தொடங்குவதில்லை என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அங்கிருந்து இரண்டு மடங்கு நீட்டினால் உருவம் மூன்று மடங்காகிவிடும்.

மையம் ஆதிப்புள்ளியில் இருந்தால்

இது எளிது. ஆதிப்புள்ளி என்பது (0, 0). அங்கிருந்து ஒரு முனைக்கு உள்ள தூரத்தைத்தான் அதன் ஆள்கூறுகள் ஏற்கனவே சொல்கின்றன. எனவே இரண்டு எண்களையும் காரணியால் பெருக்கினால் போதும்.

சிங்கப்பூர்க் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 டிசம்பர் 3 அன்று அறிமுகமான இந்தக் கொடியின் உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 2:3. முனைகள் (0, 0), (3, 0), (3, 2), (0, 2). காரணி 2.5 என்றால் (0, 0), (7.5, 0), (7.5, 5), (0, 5). விகிதம் 5 : 7.5, அதாவது மீண்டும் 2:3. தேசிய தினத்தையொட்டி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் தாழ்வாரச் சுவரில் தொங்கும் கொடியும், அணிவகுப்பின்போது ஹெலிகாப்டர் தூக்கிவரும் பெரிய கொடியும் ஒன்றுக்கொன்று உருப்பெருக்கங்களாக இருக்க முடிவது இதனால்தான்.

இங்கே ஒரு பொதுவான தடுமாற்றம் உண்டு. நீளத்தோடு 2 கூட்டி, உயரத்தோடும் 2 கூட்டினால் 5-க்கு 4 என்ற கொடி வரும். ஏறக்குறைய சதுரம்! இரண்டு பக்கமும் “ஒரே அளவு” வளர்ந்ததால் வடிவம் மாறாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வடிவத்தைக் காப்பது பெருக்கல்தான். கூட்டல் அதைக் கெடுத்துவிடும்.

மையம் வேறிடத்தில் இருந்தால்

இப்போது முதல் கணக்குக்கு வருவோம். மையம் (1, 0). முனை அ(2, 1).

முதல் படி, கழித்தல். மையத்திலிருந்து அ-வுக்குப் போக எத்தனை கட்டம் வலப்பக்கம், எத்தனை கட்டம் மேலே? 2 − 1 = 1 வலப்பக்கம், 1 − 0 = 1 மேலே.

இரண்டாம் படி, பெருக்கல். காரணி 2. ஆக, 2 கட்டம் வலப்பக்கம், 2 கட்டம் மேலே.

மூன்றாம் படி, கூட்டல். மையத்தில் நின்று அத்தனை கட்டம் நடங்கள். 1 + 2 = 3, 0 + 2 = 2. புதிய முனை (3, 2).

ஆ(6, 1): மையத்திலிருந்து 5 வலப்பக்கம், 1 மேலே. இரட்டித்தால் 10, 2. மையத்தோடு கூட்டினால் (11, 2). இ(2, 4): 1 வலப்பக்கம், 4 மேலே. இரட்டித்தால் 2, 8. கூட்டினால் (3, 8).

சூத்திரமாக எழுதச் சொன்னால்: புதிய எண் = மையத்தின் எண் + காரணி × (பழைய எண் − மையத்தின் எண்). எக்ஸ்-க்கு ஒருமுறை, ஒய்-க்கு ஒருமுறை. இதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. கழி, பெருக்கு, கூட்டு என்ற வரிசை நினைவில் இருந்தால் போதும். நேரே பெருக்கிவிடும் பிள்ளை முதல் படியையும் மூன்றாம் படியையும் விட்டுவிடுகிறது.

அப்படி விட்டுவிட்டால் விடை எவ்வளவு தள்ளிப் போகும்? அதையும் கணக்கிடலாம்: (காரணி − 1) × மையம். மேலே உள்ள கணக்கில் காரணி 2, மையம் (1, 0). எனவே ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப் போனது. மையம் (5, 3), காரணி 4 என்றிருந்தால் 15 கட்டம் வலப்பக்கமும் 9 கட்டம் மேலேயும் போயிருக்கும். மையம் ஆதிப்புள்ளிக்கு அருகே இருக்கும்போதுதான் தவறு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது.

இது வெறும் தாள் விவகாரம் அல்ல. 2004 ஆகஸ்ட் முதல் சிங்கப்பூரின் நில அளவைக்கு எஸ்விஒய்21 என்ற ஆள்கூற்று முறை பயன்படுகிறது. அதன் தொடக்கப்புள்ளி தீவின் நடுவே, பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு (0, 0) என்று எண் கொடுக்கவில்லை. கிழக்கு 28,001.642 மீட்டர், வடக்கு 38,744.572 மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். தீவின் எந்த மூலைக்குப் போனாலும் குறை எண் வராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இந்த முறையில் தேக்கா பக்கம், லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தின் அருகே, ஓரிடத்தின் ஆள்கூறு ஏறத்தாழ (29800, 32100) என்று வரும். அங்கே ஒரு மனையின் மூலை அது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூலையை அசைக்காமல் மனையை இரண்டு மடங்காக வரைய வேண்டும். கழிக்காமல் நேரே இரண்டால் பெருக்கினால் (59600, 64200). மனை ஜொகூர் நீரிணையைத் தாண்டி மலேசிய மண்ணில் போய் விழுந்துவிடும். மூலையின் எண்களை முதலில் கழித்துவிட்டால் மனை 20-க்கு 30 மீட்டர் என்ற சிறிய எண்களாக நிற்கும். இரட்டித்து, மூலையைத் திரும்பக் கூட்டினால் தேக்காவிலேயே இருக்கும்.

காரணி எப்படியெல்லாம் வரும்

1-ஐவிடப் பெரிய காரணி உருவத்தைப் பெரிதாக்கும், மையத்திலிருந்து விலக்கியும் வைக்கும். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்டது உருவத்தைச் சிறிதாக்கி மையத்தை நோக்கி இழுக்கும். 1 என்றால் எதுவும் மாறாது. 0 என்றால் உருவம் முழுவதும் மையத்தில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். அதை யாரும் உருப்பெருக்கம் என்று சொல்வதில்லை.

காரணி அரை ஆகும்போது ஓர் அழகான விஷயம் நடக்கிறது. அதே முக்கோணத்தை எடுத்து, அ(2, 1) என்ற முனையையே மையமாக்குங்கள். மையம் அசையாது. ஆ(6, 1) என்பது (4, 1) ஆகும், இ(2, 4) என்பது (2, 2.5) ஆகும். புதிய முனைகள் பழைய பக்கங்களின் நடுப்புள்ளிகள்தாம். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் வரும் கோடு மூன்றாவது பக்கத்துக்கு இணையாகவும் அதில் பாதியாகவும் இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அது காரணி அரை கொண்ட உருப்பெருக்கம்தான். அந்தத் தேற்றத்தைத் தனியாக மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இதைப் பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

குறை எண் காரணியாக வந்தால் பயப்பட வேண்டாம். மையத்திலிருந்து எதிர்த்திசையில் நடக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. முதல் கணக்கில் காரணி −2 என்று வையுங்கள். அ மையத்திலிருந்து (1, 1) தூரம். −2 ஆல் பெருக்கினால் (−2, −2). மையத்தோடு கூட்டினால் (−1, −2). அதுபோலவே ஆ (−9, −2) ஆகும், இ (−1, −8) ஆகும். முக்கோணம் இரட்டித்து, மையத்தைச் சுற்றி 180 பாகை திரும்பி நிற்கும். ஒவ்வொரு பக்கமும் அதன் பழைய பக்கத்துக்கு இப்போதும் இணையாகவே இருக்கும்.

சரிபார்ப்பது

விடை எழுதியதும் ஒரு பக்கத்தின் சாய்வைப் பாருங்கள். ஆ(6, 1)-இலிருந்து இ(2, 4)-க்குச் சாய்வு 3 ÷ (−4), அதாவது −3/4. பிம்பத்தில் (11, 2)-இலிருந்து (3, 8)-க்குச் சாய்வு 6 ÷ (−8), அதே −3/4. சாய்வு மாறியிருந்தால் ஏதோ ஒரு முனையில் தவறு இருக்கிறது. ஆனால் சாய்வு மாறாததால் மட்டும் விடை சரி என்று சொல்லிவிட முடியாது. நேரே பெருக்கிய தவறான முக்கோணமும் இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே அளவுகோலை எடுத்து மையம், பழைய முனை, புதிய முனை மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

பின்னோக்கிப் போகும் கணக்கு

தேர்வில் இன்னொரு வகை உண்டு. உருவத்தையும் பிம்பத்தையும் கொடுத்துவிட்டு மையத்தையும் காரணியையும் கேட்பார்கள்.

ப(2, 3), ம(4, 3) என்ற இரண்டு முனைகள் முறையே (4, 5), (10, 5) ஆகிவிட்டன. காரணி என்ன? பழைய பக்கத்தின் நீளம் 2, புதியது 6. பிம்பத்தின் நீளத்தை உருவத்தின் நீளத்தால் வகுக்க வேண்டும்; 6 ÷ 2 = 3. தலைகீழாக வகுத்தால் மூன்றில் ஒன்று வரும். உருவம் பெரிதாகியிருக்கும்போது காரணி 1-க்குக் குறைவாக வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மையத்தைப் படத்தில் கண்டுபிடிப்பது எளிது. பழைய முனையையும் அதன் புதிய முனையையும் சேர்த்துக் கோடு இழுங்கள். இன்னொரு இணைக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் மையம். எண்களால் கண்டுபிடிக்க நான் சொல்லிக்கொடுப்பது இது: ப-விலிருந்து அதன் பிம்பத்துக்கு எவ்வளவு நகர்வு? (4 − 2, 5 − 3) = (2, 2). இந்த நகர்வு, மையத்திலிருந்து ப-வுக்கு உள்ள தூரத்தின் (காரணி − 1) மடங்கு. காரணி 3 என்பதால் இரண்டு மடங்கு. ஆக, மையத்திலிருந்து ப-வுக்குள்ள தூரம் (1, 1). ப-விலிருந்து அதைக் கழித்துப் பின்னே வாருங்கள்: (2 − 1, 3 − 1) = (1, 2). அதுவே மையம். ம-வை வைத்தும் பார்த்துவிடலாம். நகர்வு (6, 2), பாதி (3, 1), பின்னே வந்தால் (1, 2). ஒத்துப்போகிறது.

கோடுகள் இணையாகப் போய் எங்கும் வெட்டவில்லை என்றால்? உருவம் அளவு மாறாமல் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. அதற்கு மையம் கிடையாது. (காரணி − 1) பூஜ்யம் ஆவதால் எண் வழியிலும் வகுக்க முடியாமல் போய்விடும்.

பரப்பளவு: பெரியவர்களும் சறுக்கும் இடம்

முதல் முக்கோணத்தின் அடிப்பக்கம் 4, உயரம் 3, பரப்பளவு 6. பிம்பத்தின் அடிப்பக்கம் 8, உயரம் 6, பரப்பளவு 24. நீளம் இரண்டு மடங்கானது, பரப்பளவு நான்கு மடங்கானது. அகலத்தையும் பெருக்குகிறோம், உயரத்தையும் பெருக்குகிறோம். ஆகவே பரப்பளவு காரணியின் வர்க்கத்தால் பெருகும். குறை எண்ணாக இருந்தாலும் வர்க்கம் நேர் எண்ணாகிவிடுவதால் கவலை இல்லை.

வீட்டு வரைபடத்தில் இது நன்றாகத் தெரியும். 1:100 அளவில் வரைந்த படத்தில் காரணி நூறில் ஒன்று. வீவக நான்கறை வீடு சுமார் 90 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர செ.மீ. இருப்பதால் அது 9,00,000 சதுர செ.மீ. காரணியின் வர்க்கம் பத்தாயிரத்தில் ஒன்று. தாளில் வீடு பிடிக்கும் இடம் 90 சதுர செ.மீ. சதுர மீட்டரில் இருந்த அதே எண் சதுர செ.மீ.-இல் வருவது 1:100-க்கு மட்டும் உள்ள வசதி. புது வீட்டுக்கு நாற்காலி, மேசை வாங்கப் போகும்போது அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டால் கணக்கு மனத்திலேயே முடிந்துவிடும். ஒரு சென்டிமீட்டர், ஒரு மீட்டர்.

வரைபட அளவு மாறினால்தான் சிக்கல். சிங்கப்பூரின் பரப்பளவு சுமார் 735 சதுர கி.மீ. 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் அது எவ்வளவு இடம் பிடிக்கும்? அந்த வரைபடத்தில் 1 செ.மீ. என்பது அரை கி.மீ. உடனே 735-ஐ அரையால் வகுத்து 1,470 என்று சொல்லிவிடுகிறார்கள். 1 சதுர செ.மீ. என்பது அரை கி.மீ.-க்கு அரை கி.மீ., அதாவது கால் சதுர கி.மீ. 735-ஐக் காலால் வகுத்தால் 2,940 சதுர செ.மீ. நியாயமாகத்தான் இருக்கிறது என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு: தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கி.மீ., வடக்கு தெற்காகச் சுமார் 27 கி.மீ.; தாளில் 100 செ.மீ.-க்கு 54 செ.மீ., மொத்தம் 5,400. தீவு செவ்வகம் அல்ல, நான்கு மூலைகளும் கடல். பாதிக்குச் சற்று மேல் நிலம் என்பது பொருந்துகிறது.

பரப்பளவு தெரிந்து காரணியைத் தேடும்போது வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் விஜயா மோகன் 2003இல் போட்ட ரங்கோலி 2,756 சதுர மீட்டர்; கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது. வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் ஒரு ரங்கோலி போடுகிறீர்கள் என்றால், அதை அந்தப் பரப்பளவுக்குக் கொண்டுபோகக் காரணி எவ்வளவு? 2,756 என்று சொன்னால் தவறு. அதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 52.5. பக்கம் ஐம்பத்திரண்டரை மீட்டர். பொடி மட்டும் 2,756 மடங்கு வாங்க வேண்டும்.

உருப்பெருக்கம்போல் தெரியும், ஆனால் அல்ல

கணினியில் படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தால் அது அகலத்தில் மட்டும் நீள்கிறது. எக்ஸ் இரண்டு மடங்கு, ஒய் அப்படியே. கொடியின் பிறை சப்பையாகிவிடும், ஐந்து நட்சத்திரங்களும் நசுங்கிவிடும். இது உருப்பெருக்கம் அன்று. மூலையைப் பிடித்து விகிதம் மாறாமல் இழுத்தால் மட்டுமே உருப்பெருக்கம்.

எம்ஆர்டி நிலைய வரைபடமும் அப்படித்தான். நகர மையத்தில் நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன, புறநகரில் விலகியிருக்கின்றன. படத்தில் ஏறக்குறைய சம இடைவெளியில் வரைந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் ஒரு காரணி, இன்னோரிடத்தில் இன்னொரு காரணி. பயணிக்கு அது வசதி. அளவுகோல் வைத்துத் தூரம் கணக்கிட மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கோலத்தில் விஷயம் இன்னும் நுட்பமானது. 7 புள்ளி, 7 வரிசை, நேர்ப்புள்ளி. புள்ளிகளுக்கு இடையே 2 அங்குலம். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை 12 அங்குலம். 7 புள்ளிக்கு இடைவெளி ஆறுதானே. இதை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் பலரும் 14 புள்ளி வைக்கலாம் என்பார்கள். 14 புள்ளிக்கு 13 இடைவெளி, 26 அங்குலம். இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதோடு அது வேறு கோலமாகவும் ஆகிவிட்டது. வளைவுகள் கூடிவிட்டன, சிக்குகள் கூடிவிட்டன. புள்ளியின் எண்ணிக்கையைத் தொடாமல் இடைவெளியை 4 அங்குலமாக்கினால் 24 அங்குலம் வரும். அதுதான் காரணி 2. கறாராகச் சொன்னால் மாவுக் கோட்டின் தடிமனும் இரட்டிக்க வேண்டும். கை அப்படிப் போடாது. அதனால்தான் பெரிய கோலம் சின்னக் கோலத்தைவிட மெல்லிசாகத் தெரிகிறது.

மெர்லயனும் கன அளவும்

ஆள்கூற்றுத் தளத்தில் இதற்கு வேலை இல்லை என்றாலும் பிள்ளைகள் அடுத்து இதைத்தான் படிப்பார்கள். கன உருவத்தைப் பெரிதாக்கும்போது கன அளவு காரணியின் முப்படியால் பெருகும்.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிங்கப்பூரின் சின்னம். மெர்லயன் பூங்காவில் நிற்கும் பெரிய சிலை 8.6 மீட்டர் உயரம், 70 டன். 1972 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அருகே உள்ள குட்டி மெர்லயன் 2 மீட்டர், 3 டன். உயரத்தை வைத்துப் பார்த்தால் காரணி 4.3. பெரியது குட்டியின் உண்மையான உருப்பெருக்கமாக, ஒரே பொருளால் ஆனதாக இருந்தால் எடை 4.3 × 4.3 × 4.3 மடங்கு, அதாவது ஏறத்தாழ 79.5 மடங்காக இருக்க வேண்டும். 3 டன்னுக்கு 238 டன் சொச்சம். இருப்பதோ 70. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, இரண்டு சிலைகளுக்கும் வடிவமோ கட்டுமானமோ ஒன்றல்ல என்பதைத் தராசே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

செந்தோசாவில் 2019 அக்டோபர் வரை பார்வையாளர்கள் ஏறி இறங்கிய மெர்லயன் 37 மீட்டர். 37-ஐ 8.6 ஆல் வகுத்துப் பாருங்கள்: மீண்டும் 4.3! தற்செயல்தான், ஆனால் கணக்கு வாத்தியாருக்குத் தேன்போல் ஒரு தற்செயல். குட்டியை 4.3 மடங்காக்கி, அதை மறுபடி 4.3 மடங்காக்கினால் மொத்தக் காரணி 4.3 × 4.3 = 18.49. இரண்டு மீட்டரை அதனால் பெருக்கினால் 36.98. உருப்பெருக்கங்களை அடுத்தடுத்துச் செய்தால் காரணிகளைப் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. தாளில் செய்யும்போது இரண்டுக்கும் மையம் வேறுவேறாக இருந்தாலும் மொத்தக் காரணி இப்படியே வரும். மையம் மட்டும் இடம் மாறிவிடும்.

போட்டுப் பாருங்கள்

முதலாவது: (1, 1), (3, 1), (3, 3), (1, 3) என்ற சதுரத்தை, அதன் நட்ட நடுவான (2, 2)-ஐ மையமாக வைத்து மூன்று மடங்காக்குக.

இரண்டாவது: மையம் (2, −2), காரணி அரை. (8, 6) எங்கே போகும்?

மூன்றாவது: 1:25,000 வரைபடத்தில் ஒரு பூங்கா 8 சதுர செ.மீ. உண்மையில் எவ்வளவு?

நான்காவது: (3, 2) என்பது (0, 5) ஆனது, (5, 2) என்பது (−4, 5) ஆனது. மையமும் காரணியும் என்ன?

விடைகள். முதலாவது (−1, −1), (5, −1), (5, 5), (−1, 5). மையம் உள்ளே இருப்பதால் சதுரம் நாலாபக்கமும் விரிகிறது. இரண்டாவது (5, 2). மூன்றாவதில் 1 செ.மீ. என்பது 250 மீட்டர், 1 சதுர செ.மீ. என்பது 62,500 சதுர மீட்டர். பூங்கா 5,00,000 சதுர மீட்டர், அதாவது அரை சதுர கி.மீ. நான்காவதில் பழைய பக்கம் வலப்பக்கமாக 2, புதியது இடப்பக்கமாக 4. திசை மாறிவிட்டதால் காரணி −2. முதல் முனையின் நகர்வு (−3, 3); காரணி − 1 = −3; வகுத்தால் (1, −1); பின்னே வந்தால் மையம் (2, 3). திசையைக் கவனிக்காமல் காரணியை 2 என்று எடுத்தவர்களுக்கு முதல் முனை (6, −1) என்றும் இரண்டாம் முனை (14, −1) என்றும் மையத்தைக் காட்டும். இரண்டு முனைகள் இரண்டு மையங்களைச் சொன்னால் குறியைத் திரும்பப் பாருங்கள்.